அலபாமாவில் ஒரு அவசர பிரேக்

ஊர் சுத்தின கதை எழுதி ரொம்ப நாளாச்சு. வழக்கமா நம்ம பயணக் கட்டுரைன்னா அருவி, மலை, "அங்கே இட்லி கிடைச்சுது, இங்கே கிடைக்கலை" என்ற அளவில்தான் இருக்கும். இது கொஞ்சம் வேற மாதிரி. படிச்சு முடிச்சதும் "இத்தனை வருஷமா நீ என்னடா பண்ணிட்டிருந்தே?" என்று என்னைத் திட்டத் தோணினா தாராளமாத் திட்டலாம். தங்கமணி ஏற்கனவே திட்டி முடிச்சாச்சு.

போன வருஷம் ஏப்ரல் பள்ளி விடுமுறையில் அட்லாண்டாவில் இருந்து டல்லாஸுக்குக் காரிலேயே கிளம்பினோம். தங்கமணியின் தம்பி அங்கே வீடு வாங்கியிருந்தான். மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போகலைன்னா அப்புறம் நம்ம வீட்டில் குடியிருக்க முடியுமா? வழக்கமான வழி பர்மிங்ஹாம் மேலே போகும் ஐ-20. ஆனால் மாண்ட்கமரியில் என் கல்லூரி நண்பன் ஒருத்தன் இருக்கான். ஶ்ரீபெரும்புதூர் ஹூண்டாயில் சேர்ந்து, அப்படியே இங்கே இருக்கிற ஹூண்டாய் ஆலைக்கு வந்தவன். அவன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, விடிய விடிய பழைய கதை பேசி, காலையில் கிளம்பினோம்.

"நேரா ஹைவே எண்பதைப் பிடிடா. செல்மா, டெமோபோலிஸ் வழியாப் போய் மெரிடியன்ல ஐ-20 ஏறிடலாம். ரோட்டுல ஈ காக்கா இருக்காது" என்றான். அவன் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்து, ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறைய காபியும் கொடுத்தாங்க. இந்தக் கதைக்கே காரணம் அந்த ஃப்ளாஸ்க்தான்.

மாண்ட்கமரி தாண்டியதும் நிஜமாவே ஈ காக்கா இல்லை. நாலு வழிச் சாலை, ரெண்டு பக்கமும் புல்வெளி, மாடுகள், மரத்தில் சடை சடையாத் தொங்குற பாசி, அங்கங்கே தனியா நிற்கும் டிரெய்லர் வீடுகள். ஒரு இடத்தில் சாலையோரமா மண்ணை வெட்டிப் போட்டிருந்தாங்க. கருப்பா, கட்டி கட்டியா இருந்தது. வண்டியை மெதுவாக்கிப் பார்த்தேன். கரிசல் மண்! அருப்புக்கோட்டைப் பக்கம் எங்க அப்பத்தா ஊரில் மழை பெய்தால் செருப்போட அப்பிக்கிட்டு வருமே, வெயிலில் கால் நுழையுற அளவுக்கு வெடிக்குமே, அதே ஜாதி மண். இந்தப் பகுதிக்கே பிளாக் பெல்ட் என்றுதான் பெயர். முதலில் மண்ணின் நிறத்தை வைத்து வந்த பெயர். அப்புறம், இந்த மண்ணில் பருத்தி நல்லா விளையும் என்பதால் ஆயிரக்கணக்கில் அடிமைகளைக் கொண்டு வந்து இறக்க, அந்த மக்களையும் சேர்த்துக் குறிக்கிற பெயராகிப் போச்சு. கரிசல், பருத்தி, கூலி. ஊர்தான் வேற.

இப்படியெல்லாம் மண்வாசனையில் மிதந்துட்டு இருந்தப்போதான் ஃப்ளாஸ்க் காபி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கடை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. "பாட்டில் பாட்டிலாக் குடிக்கும்போதே சொன்னேன்" என்று தங்கமணி ஆரம்பிக்க, பின் சீட்டிலிருந்து பொண்ணு கத்தினாள்: "அப்பா, பிரவுன் சைன்! நேஷனல் பார்க்!"

அவளுக்குப் பத்து வயசு. தேசியப் பூங்காக்களுக்கு என்று ஒரு குட்டி பாஸ்போர்ட் புத்தகம் விற்பாங்க, போகிற இடத்தில் எல்லாம் அதில் முத்திரை குத்திக்கலாம். அது அவளுக்கு உயிர். அவளுக்கு முத்திரை, எனக்கு ஒதுங்க இடம். வண்டியைத் திருப்பினேன்.

லவுண்டஸ் விளக்க மையம். தேசியப் பூங்காத் துறை நடத்துவது, 2006இல் திறந்தது. செல்மாவில் இருந்து மாண்ட்கமரிக்கு நடந்த வாக்குரிமைப் பேரணிப் பாதைக்கான வரவேற்பு மையமும் அருங்காட்சியகமும் சேர்ந்த கட்டடம். நுழைவுக் கட்டணம் இல்லை. வாகன நிறுத்தத்தில் எங்களைத் தவிர ஒரே ஒரு கார். நான் நேரா எங்கே போனேன்னு சொல்ல வேண்டியதில்லை.

நிம்மதியாத் திரும்பி வந்தால், பொண்ணு மேஜை முன்னாடி புத்தகத்தை நீட்டிக்கிட்டு நிற்கிறாள். தொப்பி போட்ட ரேஞ்சர் அம்மா ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், கருப்பினப் பெண்மணி. முத்திரைக் கட்டையைக் கையில் வச்சுக்கிட்டு பேரம் பேசுறாங்க.

"முத்திரை தரேன் கண்ணு. ஆனா ஒரு வேலை. உள்ளே எல்லாத்தையும் பார்த்துட்டு, உங்க அம்மா அப்பா முதல் தடவை ஓட்டுப் போட்ட கதையைக் கேட்டு எழுதிட்டு வா."

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைச்ச மாதிரி இருந்தது. ஏன்னு கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

"அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்" என்றுதான் உள்ளே போனோம். ரெண்டு மணி நேரம் ஆச்சு.

செல்மா கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுரிமை கேட்டு சுமார் 600 பேர் செல்மாவில் இருந்து மாண்ட்கமரிக்கு நடக்கக் கிளம்பினாங்க. எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டினாங்க. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அந்தக் காட்சி அன்னிக்கு ராத்திரி தொலைக்காட்சியில் நாடு முழுக்க ஓடியது. ரெண்டு வாரம் கழித்து, மார்ச் 21 அன்று, நீதிமன்ற அனுமதியோடும் ராணுவப் பாதுகாப்போடும் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் திரும்பவும் கிளம்பி, 54 மைல் நடந்து, 25ஆம் தேதி மாண்ட்கமரி சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் போய் நின்னாங்க. கடைசி நாளில் கூட்டம் 25 ஆயிரம்.

எனக்குத் தெரிஞ்ச கதை இவ்வளவுதான். தெரியாதது, இந்தப் பாதையின் நடுவில் இருக்கும் லவுண்டஸ் கவுண்டியின் கதை. நாம வண்டியில் போகும்போது ரெண்டு ஊருக்கு நடுவில் வருகிற வெற்றிடம்னு நினைப்போமே, அந்த இடத்தின் கதை.

அப்போ லவுண்டஸில் 15 ஆயிரத்துச் சொச்சம் பேர். ஐந்தில் நாலு பேர் கருப்பினத்தவர். 1965 பிறந்தபோது அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம். ஒருத்தர் கூட இல்லை. அதே சமயம் வெள்ளையர்களில் ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்களின் எண்ணிக்கையை விட, பட்டியலில் இருந்த பெயர்கள் அதிகம்! செத்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க எல்லாம் பட்டியலில் பத்திரமா இருந்திருக்காங்க. இந்த விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் :-)

சட்டப்படி கருப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை. அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1870இலேயே இன அடிப்படையில் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 15ஆவது திருத்தம் வந்தாச்சு. ஆனால் பதிவு செய்யப் போனால் எழுதப் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை. அரசியல் சாசனத்தில் இருந்து கேள்வி. பாஸா ஃபெயிலா என்பது அந்த அதிகாரி இஷ்டம். அதையும் தாண்டி யாராவது போனால், மறுநாள் பண்ணையாருக்கு விஷயம் தெரிந்துவிடும். நிலம் பண்ணையாருடையது, வீடு பண்ணையாருடையது, கடன் நோட்டும் பண்ணையாரிடம்.

அப்பத்தா ஞாபகம் வந்தது. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். ஆனால் 1952 முதல் பொதுத் தேர்தலில் இருந்து சாகிற வரைக்கும் ஒரு தேர்தலைக் கூட விட்டதில்லை. 1989 சட்டசபைத் தேர்தலுக்கு என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, எனக்கும் அப்போ பத்து வயசு. அதிமுக ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பக்கம் சேவல், ஒரு பக்கம் இரட்டைப் புறா. "ரெட்டை இலை எங்கடா போச்சு?" என்று வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தாங்க. வெளியே வந்ததும் விரல் மையைக் காட்டி "எந்தச் சின்னம்னு சொல்ல மாட்டேன் போ" என்றாங்க. அந்த அப்பத்தா அலபாமாவில் கருப்பினப் பெண்ணாய்ப் பிறந்திருந்தால், படிக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாங்க. நம்ம ஊரில் எத்தனையோ குறை. ஆனால் படிக்காதவங்களுக்கு ஓட்டு இல்லைன்னு சொல்லாமல், அவங்களுக்காகப் படத்தைப் போட்டு வைச்சோமே, அது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்கே நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் உறைத்தது.

சின்னம்னு சொன்னதும் அடுத்த ஆச்சரியத்துக்கு வரேன். அலபாமாவிலும் கட்சிகளுக்குச் சின்னம் இருந்திருக்கு! அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னமா அப்போ இருந்தது ஒரு வெள்ளைச் சேவல். அதோடு சேர்ந்த முழக்கம், வெள்ளையர் மேலாதிக்கம் வாழ்க என்ற ரீதியில். ஒளிவு மறைவே இல்லாமல் வாக்குச்சீட்டிலேயே அச்சடிச்சிருக்காங்க. 1966 ஜனவரியில்தான் அந்த வாசகத்தை மாத்தினாங்க.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி, மத்திய அரசு அதிகாரிகளே லவுண்டஸுக்கு வந்து மக்களைப் பதிவு செய்ய ஆரம்பித்ததும், "சேவலுக்கு நாம எதுக்கு ஓட்டுப் போடணும்? நமக்குன்னு ஒரு கட்சி வேணும்" என்று உள்ளூர் ஆட்கள் கிளம்பினாங்க. ஜான் ஹியூலட் என்ற உள்ளூர்க்காரரும், ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற மாணவர் இயக்க இளைஞர்களும் சேர்ந்து 1966இல் லவுண்டஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு என்று ஒரு கட்சியை உண்டாக்கினாங்க. சின்னம் வேணுமே? பாய்கிற கருஞ்சிறுத்தை. அட்லாண்டாவில் இருந்த கிளார்க் கல்லூரியின் விளையாட்டு அணிச் சின்னத்தைப் பார்த்து வரைந்ததாம். நான் இருக்கிற ஊர்தான்.

அதே வருஷம் அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் சில இளைஞர்கள் இந்தப் படத்தையும் பெயரையும் எடுத்துக்கிட்டு பிளாக் பாந்தர் கட்சியை ஆரம்பித்தாங்க. அவர்களைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள். அதன் தொடர்ச்சியா 1982இல் மதுரையில் மலைச்சாமி ஆரம்பித்த இயக்கம். அதுதான் பின்னால் திருமாவளவன் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. மதுரையில் நான் கல்லூரிக்கு பஸ்ஸில் போகும்போது சுவர் சுவரா சிறுத்தை பாய்ந்துக்கிட்டு இருக்கும். ஏன் சிறுத்தை, ஏன் புலியோ சிங்கமோ இல்லைன்னு அப்போ யோசிச்சதே இல்லை. அந்தச் சிறுத்தை இந்தக் கரிசல் காட்டுப் பருத்திக்காரர்கள் முதல் தடவை வாக்குச்சீட்டில் தேடிக் கண்டுபிடிப்பதற்காக வரைந்த படம் என்று அலபாமாவில் ஒதுங்க வந்த இடத்தில் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு!

சரி, கட்சி ஆரம்பித்தாச்சு, ஜெயிச்சாச்சான்னா, இல்லை. 1966 நவம்பர் தேர்தலில் அத்தனை பேரும் தோத்தாங்க. அதுக்கு முன்னாடி நடந்ததுதான் முக்கியம்.

உள்ளே ஒரு கூடாரம் வச்சிருக்காங்க. சாதாரண கித்தான் கூடாரம். பொண்ணு "கேம்பிங்கா அப்பா?" என்று கேட்டாள். கேம்பிங் இல்லை. ஓட்டுக்குப் பதிவு செஞ்ச குத்தகைக் குடும்பங்களைப் பண்ணையார்கள் வீட்டை விட்டுக் கிளப்பினாங்க. தலைமுறை தலைமுறையா உழுத நிலம். 1965 டிசம்பர் முடிகிற நேரம், குளிர் காலம். போக இடமில்லாத குடும்பங்களுக்காக இந்த 80ஆம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கூடாரம் அடிச்சாங்க. கூடார நகரம் என்று பெயர். ராத்திரியில் சாலையில் போகிற காரில் இருந்து கூடாரங்களை நோக்கிச் சுடுவாங்களாம். பெரியவங்க முறை வச்சுக் காவல் இருந்திருக்காங்க. இப்படி ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லை, கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம். இந்த மையம் கட்டியிருப்பதே அந்தக் கூடாரங்கள் நின்ற இடத்தில்தான். அதாவது நான் அவசரம் அவசரமா வண்டியை நிறுத்தின அதே இடம்.

ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்த்ததுக்காக, கைக்குழந்தையோட கூடாரத்தில் குளிர்காலம்.

இன்னொரு பலகை முன்னாடி தங்கமணி ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தா. ஜானதன் டேனியல்ஸ் என்ற 26 வயசு இறையியல் மாணவர். வடக்கே இருந்து உதவிக்கு வந்தவர். 1965 ஆகஸ்ட் 20 அன்று, இதே கவுண்டியின் ஹெய்ன்வில்லில், கடை வாசலில் ரூபி சேல்ஸ் என்ற 17 வயசுப் பொண்ணை நோக்கித் துப்பாக்கி நீண்டதும், அவளைத் தள்ளிவிட்டு குண்டைத் தான் வாங்கிக்கிட்டு செத்தார். சுட்டவனை ஜூரி விடுதலை செய்தது. பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். கருப்பினத்தவரை ஜூரிப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. பெண்கள் ஜூரியாக இருக்கக் கூடாது என்று அப்போ அலபாமாவில் சட்டமே இருந்தது. 1966இல் இந்த லவுண்டஸ் கவுண்டி வழக்கில்தான் ரெண்டும் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது.

தங்கமணி என் பக்கம் திரும்பி மெதுவாக் கேட்டா: "என்னங்க, ஜூரி டூட்டி தொல்லைன்னு சொல்லுவீங்களே?"

இப்போ அந்த விஷயத்துக்கு வந்தே ஆகணும்.

நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி மூணு வருஷம் ஆகியிருந்தது. பிரமாணம் எடுத்த அன்னிக்கே வாசலில் ஒரு மேஜை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் கொடுத்தாங்க. தங்கமணி அங்கேயே நின்னு பூர்த்தி பண்ணிக் கொடுத்தா. நான் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாலா மடிச்சு காரின் கையுறைப் பெட்டியில் போட்டேன். காரணம், அலுவலக நண்பர்கள் சொன்ன ஞானோபதேசம்: "வோட்டர் லிஸ்ட்ல பேரு வந்தா ஜூரி டூட்டிக்குக் கூப்பிடுவான். நாள் பூரா உட்கார வைப்பான்." டிரைவர் லைசன்ஸ் வச்சிருந்தாலே ஜூரிக்குக் கூப்பிட வாய்ப்பு இருக்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதாவது என் சோம்பேறித்தனத்துக்கு நான் கண்டுபிடிச்ச காரணம் கூடத் தப்பு.

அப்போ இந்தியாவில்? அங்கேயும் இல்லை. 2001 சட்டசபைத் தேர்தல், எனக்கு 22 வயசு, முதல் ஓட்டு. புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனால், "தம்பி, உங்க ஓட்டைப் போட்டாச்சே" என்றார் உள்ளே இருந்தவர். என் பெயருக்கு நேரா யாரோ கையெழுத்துப் போட்டிருந்தாங்க. என்னை விட அழகான கையெழுத்து. சண்டை போட்டிருக்கலாம். போடலை. சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்து நண்பர்களிடம் அதை ஒரு ஜோக்கா இருபது வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அடுத்த வருஷம் விமானம் ஏறியாச்சு. அப்புறம் விசா, பச்சை அட்டை, காத்திருப்பு. ஆக, 45 வயசு வரைக்கும், ரெண்டு பெரிய ஜனநாயகத்திலும், ஒரு ஓட்டுக் கூடப் போடாத பெருமை அடியேனுக்கு உண்டு.

பொண்ணு நோட்டும் பென்சிலுமா வந்து நின்னாள். அம்மா கதையை எழுதி முடிச்சாச்சு. "அப்பா, நீ ஃபர்ஸ்ட் எப்போ ஓட்டுப் போட்டே?"

கள்ள ஓட்டு ஜோக்கைச் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அந்தக் கூடாரத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு அது வாயில் வரலை.

"நான் போட்டதே இல்லடா."

"ஏன்? உன்னையும் விடலையா?"

"விட்டாங்க. நான்தான் போகலை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கில் விடை தப்பா வந்தால் நோட்டைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்புறம் என்னமோ எழுதினாள். ரேஞ்சர் அம்மாவிடம் நீட்டும்போது எட்டிப் பார்த்தேன். 'அப்பா: இன்னும் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

ரேஞ்சர் அம்மா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "'இன்னும் இல்லை'ன்னா பரவாயில்லை. இங்கே எல்லாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாங்க" என்று சொல்லிட்டு முத்திரையைக் குத்தினாங்க. அவங்க பெருந்தன்மையாச் சொன்னது. இருந்தவங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

கிளம்பும்போது அவங்களே இன்னொண்ணு சொன்னாங்க. "நீங்க மாண்ட்கமரி பக்கம் இருந்துதானே வந்தீங்க? வயோலா லியூஸோ நினைவுக் கல்லைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க."

பார்க்கவே இல்லை. வண்டியைத் திருப்பி, வந்த வழியிலேயே சில மைல் போனோம். சாலையோரம் ஒரு சின்ன மேடு. மேலே கல். சுத்தி இரும்பு வேலி. டெட்ராய்ட்டைச் சேர்ந்தவர், 39 வயசு, அஞ்சு பிள்ளைகளின் அம்மா, வெள்ளைக்காரர். தொலைக்காட்சியில் பாலத்து அடிதடியைப் பார்த்துட்டு, தன் காரை ஓட்டிக்கிட்டு அலபாமாவுக்கே வந்துட்டார். பேரணி முடிந்த 25ஆம் தேதி ராத்திரி, ஆட்களை செல்மாவில் இறக்கி விட்டுவிட்டு மறுபடி மாண்ட்கமரிக்குப் போகும்போது, கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் காரில் துரத்தி வந்து சுட்டுக் கொன்னாங்க. அவரோட காரில் இருந்த 19 வயசு கருப்பின இளைஞர் செத்த மாதிரி படுத்துத் தப்பித்தார். 1991இல் வைத்த இந்தக் கல்லையும் சிதைத்ததால்தான் வேலி.

பக்கத்தில் சர் சர்ரென்று லாரிகள் போய்க்கிட்டு இருந்தன. தன் பிள்ளைகளை விட்டுட்டு, யாரோ முன்பின் தெரியாதவங்க ஓட்டுப் போடணும் என்பதற்காக இந்த ரோட்டில் வண்டி ஓட்டின ஒரு அம்மா. புளியோதரைப் பொட்டலத்தோட கிரகப்பிரவேசத்துக்கு வண்டி ஓட்டுற நான். யாரும் ஒண்ணும் பேசலை.

மறுபடி மேற்கே ஓட்டும்போது ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடியது. 1965 என்றால் நமக்கெல்லாம் இந்தி எதிர்ப்புப் போராட்டம்தான் ஞாபகம் வரும். இங்கே அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். அதே நாடாளுமன்றம், அதே ஜனாதிபதி ஜான்சன், ரெண்டே மாசத்தில், அக்டோபர் 3 அன்று குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். நூறு! அதுவும் 1946க்குப் பிறகுதான். பிறந்த நாட்டை வைத்து ஆளை நிறுக்கிற அந்த முறையை 1965 சட்டம் எடுத்தது. நிறத்தை வைத்து மனுஷனைத் தள்ளி வைப்பது தப்பு என்று இந்த நாடு வெட்கப்பட்ட ஒரு சின்ன இடைவெளியில் ரெண்டு கதவும் திறந்தது. அந்த வெட்கத்தை உண்டாக்கியது இந்த ரோட்டில் நடந்தவங்க. ரெண்டாவது கதவு வழியாத்தான் நானும், ஹூண்டாய் நண்பனும், டல்லாஸ் மச்சினனும் வந்தோம். வந்து, அவங்க திறந்த முதல் கதவுக்கான படிவத்தைக் கையுறைப் பெட்டியில் போட்டு வச்சிருக்கேன்.

ஓட்டு வந்ததும் லவுண்டஸில் பாலும் தேனும் ஓடிடலை, அதையும் சொல்லணும். 1970இல் ஜான் ஹியூலட்டே ஷெரிஃப் ஆனார். பட்டியலில் ஒருத்தர் கூட இல்லாத ஊரில் அஞ்சே வருஷத்தில்! ஆனால் வறுமை அப்படியேதான் இருந்தது. இந்தக் கரிசல் மண்ணில் தண்ணி கீழே இறங்காது. செப்டிக் டேங்க் ஒழுங்காப் போட ஏகப்பட்ட செலவு, அதனால் நிறைய வீடுகளில் கழிவுநீர் கொல்லையிலேயே தேங்கியது. 2017இல் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளரே நேரில் வந்து பார்த்துட்டுப் போனார். 2013இல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவைச் செல்லாது என்றது. அந்த வழக்கும் அலபாமாவில் இருந்து போனதுதான். ஒரு தடவை ஜெயிச்சா முடிஞ்சுதுன்னு விட முடியாத சமாச்சாரம் போல.

அன்னிக்கு ராத்திரி டல்லாஸ் போக முடியலை. வழியில் ஒரு மோட்டலில் தங்கினோம். புளியோதரையைச் சாப்பிட்டுட்டு, கீழே போய் காரின் கையுறைப் பெட்டியைத் திறந்தேன். பழைய பார்க்கிங் சீட்டு, கெச்சப் பொட்டலம், அடியில் அந்தப் படிவம். ஓரத்தில் காபிக் கறை. மேலே வந்ததும் தங்கமணி ஒண்ணும் சொல்லாமல் பேனாவை எடுத்து நீட்டினா. பூர்த்தி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நாலு நிமிஷம். மூணு வருஷமாத் தள்ளிப் போட்டது நாலு நிமிஷ வேலை.

சில வாரத்தில் வாக்குச்சாவடி விவரத்தோட அட்டை தபாலில் வந்தது. முதல் வாய்ப்பு ஒரு சின்ன உள்ளூர்த் தேர்தல். வேட்பாளர்கள் பெயர் கூட முதல் நாள் ராத்திரிதான் உட்கார்ந்து படிச்சேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லை. பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாச்சு. விரலில் மை வைக்க மாட்டாங்க. ஜார்ஜியாவில் பீச் பழம் போட்ட ஒரு ஸ்டிக்கர் கொடுப்பாங்க. அதைச் சட்டையில் ஒட்டிக்கிட்டு, அப்பத்தா மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன்.

பொண்ணு ஸ்டிக்கரைப் பார்த்தாள். சட்டையில் இருந்து பிய்த்து எடுத்தாள். உள்ளே போய் நோட்டைக் கொண்டு வந்து, 'அப்பா: இன்னும் இல்லை' என்பதில் 'இன்னும் இல்லை'யை அடித்துவிட்டு அதன் மேலேயே ஒட்டினாள்.

"யாருக்குப்பா போட்டே?"

"அதைச் சொல்ல மாட்டேன் போ."

பி.கு: ஜூரி அழைப்பு இன்னும் வரலை. வந்தால் போவேன். போயிட்டு வந்து, அங்கே காபி எப்படி இருந்ததுன்னு கட்டாயம் எழுதுறேன்.